வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நம் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



செயலாளர் போன் செய்து, "நீதான் முப்பத்தொரு வருஷம் சேஃப்டி ஆபீசரா இருந்தியே, ரோடு சேஃப்டி பத்திப் பேசேன்" என்றார். "அது கம்பெனிக்குள்ள இருக்கிற சேஃப்டிப்பா, ரோடு வேற" என்றேன். "கம்பெனிக்கு ரோட்லதானே போனே, பேசு" என்று போனை வைத்துவிட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நான் சொல்ல வந்திருக்கும் விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

நம் வட சென்னைக்காரர்களுக்கு ஒரு வாசகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டைக் கடக்கும்போது வண்டி சர்ரென்று பிரேக் போட்டு நிற்கும். ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்பார். கொஞ்சம் கோபக்காரராக இருந்தால் "சாவுகிராக்கி" என்பதும் கூடவே வரும். சிரிக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இந்த அர்ச்சனையைக் கேட்காதவர் ஒருவரும் இருக்க முடியாது. கார் வாங்கிய பிறகு சொல்லாதவர்களும் குறைவாகத்தான் இருப்பீர்கள்.

அந்தக் கேள்வியின் பொருள் என்ன? ரோடு வண்டிக்குச் சொந்தம், அதில் கால் வைக்கிறவன் சாகத் துணிந்தவன், அவன் செத்தால் பொறுப்பு அவனுடையது என்பதுதான். இந்த எண்ணம் சரிதானா என்பதை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் சில கணக்குகள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 90 பேர்! ஒரு மாநகரப் பேருந்தில் நெருக்கியடித்து ஏறும் கூட்டம் தினமும் மொத்தமாகப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கவிழ்ந்து 90 பேர் இறந்தால் நாடே பேசும். இது ஒவ்வொருவராக, ஒவ்வொரு தெருமுனையில் நடப்பதால் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை, 2021-ல் உலகம் முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்கிறது. அதில் நூற்றுக்கு 92 மரணங்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடக்கின்றன. உலகத்து வண்டிகளில் இந்த நாடுகளில் ஓடுவதோ ஏறக்குறைய 60 சதவீதம்தான். வண்டி குறைவாக உள்ள இடத்தில் சாவு அதிகம். நம் ஜனங்களுக்கு ரோட்டில் நடக்கத் தெரியவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது எவ்வளவு உண்மை என்பதை நம் ஊரை வைத்தே பார்ப்போம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் ஊர் ஒரு நீளமான ரிப்பன் மாதிரி. கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. டிராம் வண்டி 1895-ல் ஓட ஆரம்பித்து 1953-ல் நின்றது. நம் அப்பாக்கள் அதில் போயிருக்கிறார்கள். பிறகு கம்பெனிகள் வந்தன. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ, மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்பட ஆரம்பித்தது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம்.

இவ்வளவும் வந்து சேர்ந்தது அந்த ரிப்பனுக்குள்தான். நடுவில் தெற்கு வடக்காகப் போவதற்கு நமக்குப் பெரிதாக இருப்பது இரண்டே ரோடு. ஒன்று டி.எச். ரோடு என்னும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. இன்னொன்று கடலோரமாகப் போகும் எண்ணூர் விரைவு சாலை. இந்த இரண்டிலும்தான் துறைமுகத்து டிரெய்லரும் போகிறது, மாநகரப் பேருந்தும் போகிறது, ஷேர் ஆட்டோவும் போகிறது, காசிமேட்டிலிருந்து மீன் கூடையும் போகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போகிறது.

வேறொரு சங்கதியும் இருக்கிறது. எண்ணூர் விரைவு சாலைக்குக் கிழக்கே குப்பங்கள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பெரும்பாலும் மேற்கே. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கம்பெனி கேட். வடபழனியிலோ அண்ணாநகரிலோ இருப்பவர் நாள் முழுக்கப் பெரிய ரோட்டைக் கடக்காமல் இருந்துவிடலாம். நம் ஊர்க்காரருக்கு அது முடியாது. காலையில் பல் தேய்த்ததும் கடக்க வேண்டும். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று கோயிலையும் ஒரே நாளில் தரிசிக்க வரும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இந்த ரோட்டைத்தான் கடக்கிறார்கள்.

இப்போது பிளாட்பாரம் பற்றி. "பிளாட்பாரம் இருக்க, ஏன் ரோட்டில் நடக்கிறான்?" என்பது படித்தவர்களின் முதல் கேள்வி. நான் ரிட்டயர் ஆன பிறகு காலை நடையின்போது ஒரு வேலை செய்தேன். தண்டையார்பேட்டை அருகே ஒரு கிலோமீட்டர் தூரம் பிளாட்பாரத்தை விட்டு இறங்காமல் நடந்து பார்ப்பது என்று. முதல் ஐம்பது அடியில் ஒரு மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கினேன். பிறகு டிபன் கடையின் பெஞ்சு, அப்புறம் நிறுத்திய பைக்குகள், அப்புறம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடாத பள்ளம், அப்புறம் ஒரு கடைக்குள் வண்டி ஏறப் போட்ட சிமென்ட் சரிவு, அதையடுத்து ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ஒரு கிலோமீட்டருக்குள் 23 தடவை இறங்கி ஏறினேன். முழங்கால் வலியோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ரோட்டோரமாகவே நடந்தேன்!

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-ல் பாதசாரிகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் போக, ஒரு சக்கர நாற்காலி போக, ஒரு பாட்டி கையூன்றாமல் ஏற, கணக்குப் பார்த்து எழுதிய அளவு. நாளைக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருமுனைப் பிளாட்பாரத்தை அளந்து பாருங்கள். பல இடங்களில் ஒன்றரை அடி உயரம் இருக்கும். அதில் ஏற முடியாத கிழவி ரோட்டில் நடந்தால் அதற்குப் பெயர் ஒழுங்கீனமா?

அடுத்த கேள்வி, "கண்ட இடத்தில் ஏன் கடக்கிறான்?" இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். கணக்கில்லாமல் பேசினால் பேராசிரியர் கோபித்துக்கொள்வார்.

சாதாரணமாக ஒரு ஆள் ரோட்டைக் கடக்கும் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். நடுவில் தடுப்பு உள்ள ரோட்டில் ஒரு பாதி 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாதியைத் தாண்ட ஏறக்குறைய 6 நொடி வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 6 நொடியில் 83 மீட்டர் வந்துவிடும். ஆக, நம் ஆளுக்கு 83 மீட்டர் காலியான ரோடு வேண்டும். நம் வயதுக்காரருக்கும், தலையில் கூடை வைத்திருக்கும் அம்மாவுக்கும் நொடிக்கு 0.9 மீட்டர் என்றால் 8 நொடி ஆகும், 110 மீட்டர் காலியாக வேண்டும். டி.எச். ரோட்டில் காலை எட்டரை மணிக்கு 110 மீட்டர் காலி இடம் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. அதனால் ஒரு லேனைத் தாண்டி நின்று, அடுத்த லேனில் இடைவெளி பார்த்து, கையை நீட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கை நீட்டல்தான் நம் ஊர் டிராஃபிக் சிக்னல்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது. நம் ஊருக்குப் பெரிய வரம். சந்தேகமேயில்லை. ஆனால் உயரப் பாதையின் தூண்கள் ரோட்டு நடுவில் நிற்கின்றன. தூண் மறைவிலிருந்து ஒரு ஆள் அடியெடுத்து வைப்பது ஓட்டுநருக்குக் கடைசி நொடி வரை தெரிவதில்லை. ஓட்டுநர் வருவதும் இவருக்குத் தெரிவதில்லை.

"நடைமேம்பாலம் கட்டினால் ஏற மாட்டேன் என்கிறார்களே" என்பீர்கள். அடியில் கன்டெய்னர் லாரி போக வேண்டுமானால் பாலத்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டராவது இருக்கும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. திருவண்ணாமலைக்கு வேண்டிக்கொண்டவர் ஏறுவார். முட்டிவலிக்காரர் ஏற மாட்டார். ஒரு நாள் மீன்கார அம்மா ஒருவரைக் கேட்டேன்.

"ஏம்மா, அந்தாண்ட வெள்ளைக்கோடு போட்டிருக்கே, அங்க போய்க் கடக்கலாமே?"

"கோட்ல நின்னா வண்டி நிக்குமா சார்? நிக்காத கோட்டுக்கு நான் இன்னாத்துக்கு அம்மாந்தூரம் நடக்கணும்? இங்கன்னா ஸ்பீட் பிரேக்கர் கீது. வண்டி ஸ்லோ ஆவும்."

நான் முப்பத்தொரு வருஷத்தில் படித்த புத்தகங்களின் சாரத்தை அந்த அம்மா மூன்று வரியில் சொல்லிவிட்டார். அவர் கண்ட இடத்தில் கடக்கவில்லை. வண்டியின் வேகம் குறையும் இடமாகப் பார்த்துக் கடக்கிறார். சட்டமும் அந்த அம்மா பக்கம்தான் இருக்கிறது. சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் பாதசாரிக்கே முதல் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் இருந்தது, 2017-ல் அவற்றுக்குப் பதிலாக வந்த ஓட்டுநர் விதிகளிலும் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும்போது நாம் எல்லோரும் படித்தோம். அன்றோடு மறந்தோம்.

இனி டிரெய்லர். ஜீரோ கேட்டிலிருந்து சூரிய நாராயண செட்டித் தெரு வழியாக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களை நாம் பல வருஷமாகப் பார்க்கிறோம். துறைமுகத்துக்கென்று தனி உயர்மட்டச் சாலை வேண்டும் என்று மதுரவாயல் திட்டத்துக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை 2012-ல் நின்றது. மறுபடி 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதுவரை டிரெய்லரும் நாமும் ஒரே ரோட்டில்தான்.

டிரெய்லர் எப்படி ஆளை அடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 40 அடி கன்டெய்னர் ஏற்றிய வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. அது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். தெருமுனையில் ஓரமாகத்தான் நிற்கிறோம் என்று நாம் நினைத்த இடத்துக்கே பின்சக்கரம் வந்துவிடும். ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் வண்டியின் முன் பம்பரை ஒட்டி நடப்பவரும் இடது கதவுக்குக் கீழே நிற்பவரும் அவர் கண்ணில் படுவதே இல்லை. முன்பெல்லாம் கிளீனர் பையன் ஒருவன் இடப்பக்கம் தலையை நீட்டி, "ரைட், ரைட், ஓல்டேன்" என்று கத்துவான். இன்றைக்குப் பல வண்டிகளில் கிளீனர் இல்லை. ஆகவே நிற்கிற டிரெய்லருக்கு முன்னால் ஒட்டிப் போகாதீர்கள். அது கிளம்பினால் அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஒரே பாடம் சொல்லுங்கள்: "டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலைன்னா, நீ அவருக்குத் தெரியலை."

தண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டை கேட்டில் காத்துக்கிடந்து காலேஜுக்கு லேட்டானவர்கள் இங்கே பாதிப் பேர். கேட்டுக்கு அடியில் குனிந்து போனதும் நாம்தான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் ரயில் அபராதம் கேட்காது. ஒரு ரயில் கடந்ததும் கால் வைக்கிறோம், எதிர்ப்பாதையில் இன்னொன்று வருகிறது. பழைய ரயில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. இன்றைய மின்சார ரயில் சத்தமில்லாமல் வருகிறது. காதில் இயர்போன் வேறு. ரோட்டு விஷயத்தில் நான் பாதசாரிக்கு வக்கீலாகப் பேசுவேன். தண்டவாளத்தில் மாட்டேன். அங்கே வண்டிக்குப் பிரேக் அடித்து ஒதுங்க வழியே கிடையாது.

நண்பர்களே, நான் கம்பெனியில் கற்ற பாடத்தை இப்போது சொல்கிறேன். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 21-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சுழலும் இயந்திரத்துக்குப் பத்திரமான வேலி போட வேண்டும் என்பது அதன் சாரம். கையை உள்ளே விடாதே என்று போர்டு எழுதி மாட்டினால் மட்டும் போதாது. கை போகவே முடியாதபடி தடுப்பு வைக்க வேண்டும். தொழிலாளிக்கும் கடமை உண்டு, சட்டம் அதையும் சொன்னது. ஆனாலும் மனிதன் அசருவான், களைப்பான், வீட்டு நினைப்பில் இருப்பான் என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய சட்டம் அது.

எங்கள் பயிற்சியில் படிப்படியாகச் சொல்வார்கள். முதல் படி, அபாயத்தையே நீக்கு. முடியாவிட்டால், குறைந்த அபாயமுள்ள ஒன்றைக் கொண்டு மாற்று. அதுவும் முடியாவிட்டால் மனிதனுக்கும் அபாயத்துக்கும் நடுவில் தடுப்பு வை. அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை, பயிற்சி. கடைசிப் படி ஹெல்மெட், கையுறை. கம்பெனிக்குள்ளே ஃபோர்க்லிஃப்ட் போகும் வழி வேறு, ஆள் நடக்கும் வழி வேறு. மஞ்சள் கோடு போட்டிருக்கும், கம்பி வேலி இருக்கும், உள்ளே வண்டி வேகம் 10 கிலோமீட்டருக்கு மேல் போனால் மெமோ. சங்கு ஊதி ஷிஃப்ட் முடிந்ததும் அதே ஆயிரம் பேர் கேட்டுக்கு வெளியே கால் வைப்பார்கள். அங்கே மஞ்சள் கோடும் இல்லை, வேலியும் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி வரும். உள்ளே ஒரு விரல் நசுங்கினால் விசாரணைக் கமிட்டி. வெளியே ஒரு உயிர் போனால், "கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தபோது" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரி நம் செட் நண்பர் ஒருவருக்கும் எழுதப்பட்டது. பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி படித்தவர், கல்லூரி கபடி அணியில் விளையாடியவர். எண்ணூர் விரைவு சாலையில் விடியற்காலையில் பால் வாங்கக் கடந்தவர் வீடு திரும்பவில்லை. மோதிய லாரி நிற்கவில்லை. காரியம் முடிந்த பிறகு நான் அந்த இடத்துக்குப் போய் நின்றேன். முப்பது வருஷப் பழக்கம், அளக்காமல் இருக்க முடியவில்லை. வீடுகள் கிழக்கே, பால் பூத் மேற்கே. நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு அங்கிருந்து 410 அடி வைப்பு தூரம். அவர் கடந்த இடத்தில் தெருவிளக்கு எரியவில்லை. யார் வேண்டுமானாலும் அங்கேதான் கடப்பார்கள். தடுப்பின் மேல் கால் வைத்து வைத்து சிமென்டே வழவழப்பாகியிருந்தது. கம்பெனிக்குள் ஒரு இயந்திரத்தின் ஓரம் அப்படித் தேய்ந்திருந்தால், அங்கே தினமும் கை போகிறது என்று அன்றைக்கே வேலி போட்டிருப்போம். எங்கள் பாஷையில் அது விபத்து நடப்பதற்கு முன்பே கிடைத்த ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

இந்தப் பழியைப் பாதசாரி மேல் போடுவது எங்கே தொடங்கியது என்று படித்துப் பார்த்தேன். சுமார் நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவிலும் தெரு என்றால் எல்லோருக்கும் பொது, பிள்ளைகள் விளையாடும் இடம். கார் வந்து ஆட்கள் சாக ஆரம்பித்ததும் ஜனங்கள் கொதித்துப் போய்க் காரைத்தான் குற்றம் சொன்னார்கள். அப்போது கார்க்காரர்களின் சங்கங்களும் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு சொல்லைப் பரப்பின: 'ஜே வாக்கர்'. ஜே என்றால் பட்டிக்காட்டான் என்று பொருள். ரோட்டைக் கடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று கேலி செய்தே, 1920-களுக்குள் தெருவைக் காருக்கு எழுதி வாங்கிவிட்டார்கள். பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2008-ல் இதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நம் "வூட்ல சொல்லிட்டு வந்தியா"வுக்கு அமெரிக்காவில் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நம்மைப் போன்ற நாடு ஒன்றையும் சொல்கிறேன். கொலம்பியாவின் தலைநகர் பொகோடாவில் 1990-களில் அன்டானஸ் மோக்கஸ் என்ற கணிதப் பேராசிரியர் மேயரானார். தெருவில் ஊமைக்கூத்துக் கலைஞர்களை நிறுத்தினார். ஜீப்ரா கிராசிங்கில் வண்டியை ஏற்றுகிறவரையும், தாறுமாறாகக் கடப்பவரையும் அவர்கள் முகத்தில் வெள்ளைச் சாயத்தோடு நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள். அபராதத்துக்குப் பயப்படாத ஜனம் பத்துப் பேர் சிரிப்பதற்கு வெட்கப்பட்டது. கேலி அங்கே இரண்டு பக்கமும் போயிற்று என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் அது ஒரு பக்கமாகவே போகிறது.

நம் சென்னை மாநகராட்சியும் சும்மா இல்லை. 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாக ஒரு கொள்கையை ஏற்றது. இந்தியாவிலேயே முதல் நகரம் என்ற பெயர் கிடைத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. போய்ப் பாருங்கள், அருமையாக இருக்கிறது. ஆனால் நடப்பவர் அதிகம் உள்ள வட சென்னைக்கு அந்த அகலம் இன்னும் வந்து சேரவில்லை. நியாயமாகப் பார்த்தால் அது இங்கே ஆரம்பித்து அங்கே போயிருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. தொழிற்சாலைச் சட்டத்திலும் 21, அரசியல் சட்டத்திலும் 21. தற்செயல்தான். ஆனால் எனக்கு அது மறக்காது.

சரி, நாம் என்ன செய்யலாம்? நடக்கும்போது செய்ய வேண்டியவை சில. பிளாட்பாரம் இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, வண்டியைப் பார்த்தபடி நடங்கள். விடியற்காலை நடைக்கு வெளிர் நிறச் சட்டை. பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் கடக்காதீர்கள், அது போகட்டும். பாதி தாண்டி மனம் மாறித் திரும்பி ஓடாதீர்கள்; ஓட்டுநர் உங்கள் முதல் கணக்கை வைத்துத்தான் ஸ்டியரிங்கை ஒடித்திருப்பார்.

ஓட்டும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வேகத்தைக் குறையுங்கள். 50-ல் போகும் கார் ஆளைப் பார்த்து, பிரேக் மிதித்து, நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் ஆகும். 30-ல் போனால் 13 மீட்டர் போதும். நடுவில் உள்ள அந்த 15 மீட்டரில்தான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இருக்கிறது.

அடிபட்டவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். உதவி செய்தவரைப் போலீஸ் விசாரணையென்று அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவாகவும் அது வந்துவிட்டது. 108-க்குப் போன் செய்யுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மோதிய வண்டி தெரியாமல் போய்விட்டால்கூட இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50 ஆயிரமும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் அந்தத் தொகை. நம் நண்பர் வீட்டில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் தெருவில் பத்துப் பேருக்குச் சொல்லிவையுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி வாசலில் நினைவு வளைவு கட்ட நிதி திரட்டி வருகிறோம். நானும் கொடுத்திருக்கிறேன், வளைவு வரட்டும். ஆனால் அந்த வளைவுக்குக் கீழே நின்று எதிர்ப்பக்கத்துப் பஸ் ஸ்டாப்பைப் பாருங்கள். மதியம் காலேஜ் விட்டதும் நம் பிள்ளைகள் எப்படிக் கடக்கிறார்கள்? நாம் கடந்த மாதிரியேதான், கையை நீட்டிக்கொண்டு. நம் காலத்தில் எதிரே வந்தது சைக்கிளும் மாட்டு வண்டியும் எப்போதாவது ஒரு லாரியும். இப்போது வருவது டிரெய்லர்.

அந்த இடத்துக்கு மேடு போட்ட ஜீப்ரா கிராசிங், நடுவில் நின்று போக ஒரு பத்திரமான திட்டு, இரண்டு விளக்கு, இவ்வளவும் வேண்டும். நாமே கட்ட முடியாது. ரோடு எந்தத் துறையுடையதோ அந்தத் துறைதான் கட்ட வேண்டும். வெறும் மனு கொடுத்தால் கோப்பில் தூங்கும். எண்ணிக்கையோடு கொடுத்தால் தூங்காது. ஒரு வாரம், காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், எத்தனை பேர் எங்கே கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்று நாம் உட்கார்ந்து எழுத வேண்டும். 2019-ல் வந்த 198-ஏ பிரிவு, ரோட்டை விதிப்படி அமைக்காத அதிகாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதையும் மனுவில் மரியாதையாக எடுத்து எழுதுவோம். எழுதத் தெரிந்த வக்கீல்கள் நம் சங்கத்தில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

ரிட்டயர் ஆனவர்களுக்கு நேரம் இருக்கிறது. எண்ணுவதற்கு எனக்கு இருபது பேர் வேண்டும், ஒருவருக்கு இரண்டு மணி நேரம். ஆண்டுக் கூடலில் இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் மேடைக்குக் கீழே வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறேன்.

 போகும்போது ரோட்டைப் பார்த்துக் கடந்து போங்கள்.